ஒரு சாண் முன்னுக்கு

போன வருஷம் ஓட்டிக்கொண்டே போனேன்.
தியத்தலாவையில் மூன்றாம் சுற்றில் பிஸ்டன் உடைந்தது.
சம்மாந்துறைக்குத் திரும்பியது
சீமெந்து லொறிக்குப் பின்னால், நைலோன் கயிற்றில்.
எஞ்சின் செத்த காரின் பிரேக் கல்லைப்போல் இருக்கும்.
எல்ல இறக்கம் முழுக்க
லொறியின் சிவப்பு லைட்டையே பார்த்தபடி
ஸ்டேரிங்கில் நான்.
ஒரு கிழமை, கண்ணை மூடினாலும் சிவப்பு.

மறுகா, ட்ரெயிலர் தேடத் தொடங்கினோம்.

கல்லடியில் ஒரு வள்ளத்து ட்ரெயிலர்.
கடல் வந்த வருஷத்துக்குப் பிறகு யாரோ தந்துவிட்டுப் போனது,
தந்தவர் பெயரில் பாதி இன்னும் பெயின்டில்.
தவசீலன் சுத்தியலால் தட்டினான்.
இருமினது இரும்பு.
"உள்ளுக்கு உப்புத் திண்டிட்டு. வேணாம் மச்சான்."
உழவு மெஷின் பெட்டியைப் பார்த்தோம்.
நெல்லுக்குக் குலுக்கம் தெரியாது,
கார்புரேட்டருக்குத் தெரியும்.

கடைசியில் காரைதீவில், அவனுடைய பட்டறையில்,
ஆறு இரவு வெல்டிங்.
இரண்டு அச்சு, நாலு சில்லு,
ஒரு அச்சுக்கு மட்டும் பிரேக். காசு அவ்வளவுதான்.

எனக்கு வேலை அரிசி ஆலையில், லொறி நிறுக்கும் தராசில்.
முதலாளி லுஹருக்குப் போன நேரம் காரை ஏற்றினேன்:
எழுநூற்றித் தொண்ணூறு.
ட்ரெயிலர் நானூற்றி அறுபது.
டயர், ஜக்கி, பெற்றோல் கேன், ஆயுதப் பெட்டி,
முபிஸின் சாப்பாட்டு வாளி
(அதைக் கணக்கில் சேர்க்காதே என்றான், சேர்த்தேன்)
எல்லாமாக ஆயிரத்து முந்நூற்றித் தொண்ணூறு.

இனி, இழுக்க ஒன்று.

மச்சினனின் லைட் ஏஸ் இழுக்கும்தான்,
ஆனால் தன்னைவிடப் பாரமானதை
மலையிலிருந்து இறக்கும்போது
யார் யாரை ஓட்டுவது?
ஆலைக் கென்டர் நல்லது.
பந்தயம் வரும்போதெல்லாம் வட்டையில் அறுவடையும் வரும்,
கென்டர் வராது.
உகனயில் சமிந்தவின் பழைய ஹைலக்ஸ்:
புகை, ஏசி இல்லை, கதவு உள்ளிருந்துதான் திறக்கும்,
தராசில் ஆயிரத்து அறுநூற்றி எண்பது.
"இழுக்கிறதுக்கு எதுவும் இழுக்கும்.
நிப்பாட்டத்தான் ஆள் வேணும்" என்றான் தவசீலன்.
மனைவியின் காப்பு இரண்டும் அடகுக்கடைக்குப் போயின.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"இதுக்கும் ஒரு ட்ரெயிலர் தேவைப்படுமா?"

மல்வத்தை ரோட்டில் முதல் ஓட்டம்.
அறுபதைத் தொட்டதும்
பின்னால் ட்ரெயிலர் வேறு ஊருக்குப் போக நினைத்தது.
இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் வாய்க்கால்,
நடுவில் நாங்கள் வால் ஆட்டிக்கொண்டு.
பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தேன்.
கொக்குகள் எழும்பின. முபிஸ் கலிமா சொன்னான்.
எப்படியோ நின்றது.

தவசீலன் இறங்கி, கொக்கியைக் கழற்றி,
ட்ரெயிலரின் மூக்கை ஒரு கையால் தூக்கினான்.
பிள்ளையின் கையைத் தூக்குவதுபோல் வந்தது.
"பின்னுக்குக் குந்தி இருக்கு கார்."
பட்டியைத் தளர்த்தி
ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி
பலகையில் சோக்கால் கோடு போட்டோம்.
மூட்டைத் தராசில் மூக்குக்கு மட்டும் நூற்றிப்பத்து.
திரும்பி வரும்போது எண்பதிலும் ஆடவில்லை.
ஒருவரும் பேசவும் இல்லை.

பந்தயத்துக்குப் போகிற காலை
இறக்காமத்தில் தேத்தண்ணி குடிக்க நின்றோம்.
கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார்.
"பழுதா தம்பி?"
"இல்ல, நல்லா ஓடும்."
"ஓடுற காரை ஏன்கா சுமக்கிறீங்க?"
"நடந்தாக் களைச்சிரும்" என்றான் முபிஸ்.

பதினான்கு பேரில் ஒன்பதாவது.
பிஸ்டன் உடையவில்லை.
இரவில் எல்ல இறக்கம்.
வளைவு கிறுகும் ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மிதிக்கிறேன்,
கண்ணாடியில் பார்க்கிறேன்:
ஹைலக்ஸின் சிவப்பு
என் காரின் முகத்தில் விழுந்து
ஆளில்லாத ஸ்டேரிங் வரை போய்
அணைகிறது.